ஆபிரகாம் தங்கையைக் கட்டினார், மோசே தடுத்தார்: தாய்மாமனைக் கட்டலாமா, கூடாதா?

கேள்வி: ஐயா, எனக்கு 25 வயது. அம்மாவின் கடைசித் தம்பிக்கு என்னைக் கேட்கிறார்கள். மாமா என்னைவிட 11 வயது பெரியவர். சொத்து வெளியே போகக்கூடாது, பிள்ளையும் கண்முன்னாலேயே இருக்கும் என்கிறார் பாட்டி. எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு அக்கா லேவியராகமம் 18-ஐக் காட்டி, இது பாவம் என்றார். அப்பாவோ, ஆபிரகாம் தங்கையையே கட்டினார், யாக்கோபு மாமன் மகள்களைக் கட்டினார், மோசேயின் அப்பா அத்தையைக் கட்டினார், தாய்மாமனில் மட்டும் என்ன தப்பு என்கிறார். இரண்டும் வேதத்தில்தானே இருக்கிறது? வேதம் தனக்குத்தானே முரண்படுகிறதா? நான் எதற்குக் கீழ்ப்படிவது? சின்ன வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவர், கணவராக நினைக்க மனம் வரவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. (பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்:

அன்புச் சகோதரி, பழைய ஏற்பாடு கற்பிக்கிறவன், ஒரு சபையை நடத்துகிறவன் என்கிற இரண்டு நிலையிலிருந்தும் உங்களுக்கு எழுதுகிறேன். கடைசியில் நீங்கள் தயங்கி எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் வேதத்தைப் பற்றிய கேள்வியைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் வீட்டில் உங்கள் வாயை அடைக்க வசனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்பா சொன்ன உதாரணங்களில் பொய் எதுவும் இல்லை. சாராள் தன் தகப்பனுக்கு மகள், ஆனால் தன் தாய்க்கு மகள் அல்ல என்று ஆபிரகாமே சொல்கிறார் (ஆதியாகமம் 20:12). அவர் தம்பி நாகோர் கட்டியது உடன்பிறந்த ஆரானின் மகள் மில்க்காளை (11:29). மோசேயின் தகப்பன் அம்ராம் தன் தகப்பனின் சகோதரியான யோகெபேத்தைக் கட்டினார் (யாத்திராகமம் 6:20). யாக்கோபின் கதை உங்களுக்கே தெரியும். அந்த அக்கா சொன்னதும் பொய் இல்லை. தகப்பன் வழிச் சகோதரியானாலும் தாய் வழிச் சகோதரியானாலும் கூடாது, அத்தை கூடாது, பெரியம்மா சித்தி கூடாது, ஒருவன் உயிரோடிருக்கும் மனைவிக்குப் போட்டியாக அவள் சகோதரியைக் கட்டக்கூடாது என்று லேவியராகமம் 18 வரிசையாகச் சொல்கிறது. 20-ஆம் அதிகாரம் அவற்றில் பலவற்றுக்குத் தண்டனையும் சொல்கிறது. ஆபிரகாம், அம்ராம், யாக்கோபு மூன்று பேரும் இந்தப் பட்டியலில் மாட்டுகிறார்கள். இதை மழுப்பத் தேவையில்லை.

அந்தக் கல்யாணங்களை நம் ஊர் முறைப்படி கொஞ்சம் பாருங்கள். தங்கையைக் கட்டுவதை விட்டுவிடுவோம். நாகோர் கட்டியது உடன்பிறந்தவன் மகளை, அதாவது தனக்கு மகள் முறையானவளை. ஈசாக்கு கட்டிய ரெபெக்காள் நாகோரின் பேத்தி, பெத்துவேலின் மகள். பெத்துவேல் ஈசாக்குக்குச் சித்தப்பா மகன், அப்படியானால் ரெபெக்காளும் மகள் முறைதான். எண்ணாகமம் 36-இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்களும் தங்கள் தகப்பனின் சகோதரர்களுடைய மகன்களைக் கட்டினார்கள். நம் பேச்சில் அவர்கள் அண்ணன் தம்பிகள். இத்தனையிலும் நம் வீடுகளில் முறை என்று ஒத்துக்கொள்ளக்கூடியது யாக்கோபு மாமன் மகளைக் கட்டியது மட்டும்தான், அதிலும் அக்கா தங்கை இரண்டு பேரையும் கட்டியதை விட்டுவிட்டு.

இப்போது உங்கள் அப்பாவிடம், "வேதத்தில் இருக்கிறதே, நான் சித்தப்பா மகனைக் கட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் என்ன நடக்கும்? வீடே அதிரும். இத்தனைக்கும் அது மோசே கர்த்தருடைய கட்டளைப்படி தீர்ப்புச் சொல்லி நடந்த கல்யாணம். ஆகவே வேதத்தில் இருப்பதால் செய்கிறோம் என்பது உண்மையில்லை. ஊர் வழக்கம் முதலில் முடிவு செய்துவிடுகிறது, அப்புறம்தான் அதற்கு வசனம் தேடுகிறோம். இதை உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை, நம் சபைகளில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் செய்கிறோம்.

சரி, முரண்பாடா என்ற கேள்விக்கு வருகிறேன். வேதம் ஒரு விஷயத்தைச் சொல்கிறது என்றால் அதைச் செய்யச் சொல்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆதியாகமம் குடும்பங்களின் வரலாறு. அதில் ஆபிரகாம் உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்லி அந்நிய ராஜாவின் வீட்டுக்குப் போகவிட்டதும் இருக்கிறது. அப்பா காட்டுகிற வசனமே அந்தச் சம்பவத்துக்கு நடுவில் ஆபிரகாம் சொன்ன சமாதானம்தான். அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்துவிட்டு யாராவது ஆபிரகாமை நல்ல கணவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவார்களா? யாக்கோபின் வீட்டில் லேயாளும் ராகேலும் பிள்ளை பெறுவதில் போட்டி போட்டு, தூதாயீம் கனிக்காகப் புருஷனைப் பேரம் பேசியதை ஆதியாகமம் 30 மறைக்காமல் எழுதியிருக்கிறது. சகோதரிகள் இரண்டு பேரை ஒரே நேரத்தில் கட்டாதே என்று பிற்பாடு ஏன் சட்டம் வந்தது என்பதற்கு அந்த அதிகாரம் ஒன்று போதும்.

காலமும் முக்கியம். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பிறகு வந்தது நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம் என்று பவுல் கலாத்தியர் 3:17-இல் சொல்கிறார். சட்டம் வருவதற்கு முன்னால் வாழ்ந்தவர்களை அந்தச் சட்டத்தை வைத்து நியாயம் தீர்க்க முடியாது. ஆதாமின் மகன் காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்ற பழைய கேள்விக்கும் பழங்காலச் சபைத் தந்தை அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலில் இந்தப் பாதையில்தான் பதில் சொல்கிறார். ஆதியில் வேறு ஆளே இல்லாததால் சகோதரரும் சகோதரிகளும் மணந்தார்கள், வேறு குடும்பங்கள் உண்டான பிறகு அது விலக்கப்பட்டது என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருமணம் உறவில்லாதவர்களை உறவாக்க வேண்டும், ஒரே ஆளிடம் எல்லா உறவையும் குவித்து வைத்தால் அன்பு வெளியே பரவாது என்கிறார்.

ஆனால் இந்தக் காலக் கணக்கோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். லேவியராகமம் 18:24 முதல் படியுங்கள். இவற்றையெல்லாம் செய்ததால்தான் கானான் தேசத்து ஜனங்களைத் துரத்துகிறேன் என்று கர்த்தர் சொல்கிறார். அவர்களுக்கு மோசேயின் சட்டம் கொடுக்கப்படவில்லையே, பிறகு எப்படிக் குற்றம் ஆனது? அந்த அதிகாரத்தில் பிள்ளைகளை மோளேகு என்ற அந்நிய தெய்வத்துக்குக் கொடுப்பதும் பிறன் மனைவியோடு சேர்வதும்கூட இருக்கிறது, தீர்ப்பு அந்த மொத்த வாழ்க்கை முறையின் மேல் வந்தது என்பது என் வாசிப்பு. கேள்வியின் கூர்மையை இது குறைக்கிறது, முழுதாக எடுத்துவிடவில்லை. அதை அப்படியே ஒத்துக்கொண்டு வாசிப்பதுதான் வேதத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

இன்னொன்றும் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. அத்தையைக் கட்டாதே என்ற சட்டம் மோசே கையால் வருகிறது, மோசேயோ அத்தையைக் கட்டிய தகப்பனுக்குப் பிறந்தவர். இதை மறைத்திருக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் யோகெபேத் அம்ராமின் அத்தையாக இல்லை, அவருடைய தகப்பனின் சகோதரன் மகளாக வருகிறாள். எபிரேய வேதமோ உள்ளதை உள்ளபடி வைத்திருக்கிறது. சட்டம் கொடுத்தவரின் குடும்பமே அந்தச் சட்டத்துக்குள் அடங்காது என்று எழுதி வைக்கிற புத்தகத்தை, முரண்பாட்டைக் கவனிக்காமல் எழுதிய புத்தகம் என்று நான் நினைக்கவில்லை.

முரண்பாடு என்று எல்லோரும் காட்டுகிற இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சகோதரன் மனைவியைக் கட்டக்கூடாது, கட்டினால் சந்தானமற்றிருப்பார்கள் என்கிறது லேவியராகமம் 20:21. சேர்ந்து குடியிருக்கும் சகோதரரில் ஒருவன் பிள்ளையில்லாமல் செத்தால் அவன் மனைவியை மற்றவன் கட்ட வேண்டும், முதல் பிள்ளை செத்தவன் பேரில் இருக்க வேண்டும் என்கிறது உபாகமம் 25:5, 6. ஒன்று பொது விதி. மற்றது ஒரு விதவை தெருவில் நிற்காமல் இருக்கவும், செத்தவன் பெயர் அழியாமல் இருக்கவும் கொடுத்த விலக்கு. இப்படி வாசித்தால் இரண்டும் மோதவில்லை. ஏரோது தன் சகோதரன் மனைவி ஏரோதியாளை வைத்திருந்ததை யோவான் ஸ்நானகன் கண்டித்தபோது அந்தச் சகோதரன் உயிரோடிருந்தான், அவர்களுக்கு ஒரு மகளும் இருந்தாள், ஆகவே அங்கே விலக்குக்கு இடமே இல்லை.

இந்த இரண்டு வசனங்களை வைத்து இங்கிலாந்தில் ஒரு ராஜ்யமே குலுங்கியது. இளவரசர் ஆர்தர் 1501-இல் கேத்தரினைக் கட்டி, 1502-இல் இறந்துபோனார். தம்பி எட்டாம் ஹென்றி அவளைக் கட்டப் போப் இரண்டாம் ஜூலியஸ் விலக்கு கொடுத்தார், 1509-இல் கல்யாணம் நடந்தது. பிறந்த பிள்ளைகளில் மேரி மட்டும்தான் தங்கினாள். ஆண் வாரிசு வேண்டும், ஆன் பொலின் என்ற பெண் மேல் ஆசையும் வந்துவிட்டது, உடனே ஹென்றிக்கு லேவியராகமம் 20:21 கண்ணில் பட்டது. எதிர்த்தவர்கள் உபாகமம் 25:5-ஐக் காட்டினார்கள். பல்கலைக்கழகங்களிடம் கருத்துக் கேட்டார்கள், யூத ரபிகளிடமும் கேட்டார்கள். கடைசியில் 1533-இல் பேராயர் கிரான்மர் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். சுமார் 20 வருஷம் கேத்தரினோடு வாழ்ந்த பிறகுதான் அந்த வசனம் ராஜாவின் மனசாட்சியைக் குத்தியது. வேண்டியதை முடிவு செய்துவிட்டு வசனத்தைத் தேடினால் வசனம் கிடைத்துவிடும், சகோதரி. அது ராஜாவுக்கும் அப்படித்தான், நம் வீட்டுக்கும் அப்படித்தான்.

இப்போது உங்கள் விஷயம். லேவியராகமம் 18-இல் ஒருவன் தன் அக்கா மகளைக் கட்டக்கூடாது என்று நேரடியாக எழுதியிருக்கிறதா? இல்லை. அந்த அக்கா எந்த வசனத்தைக் காட்டினார் என்று திரும்பக் கேளுங்கள், 18:12-ஐயோ 13-ஐயோ காட்டியிருப்பார். அந்த வசனங்கள் ஒருவன் தன் அத்தையையோ தாயின் சகோதரியையோ கட்டக்கூடாது என்கின்றன. அதன் மறுபக்கமான மாமன், மருமகள் உறவு பட்டியலில் இல்லை.

அப்படியானால் அனுமதிதானே என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. அந்தப் பட்டியலில் பேத்தி இருக்கிறாள், மகனின் மனைவி இருக்கிறாள், ஆனால் "உன் சொந்த மகள்" என்று தனியாக ஒரு வரி இல்லை. அதனால் மகள் அனுமதி என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லவில்லை. பட்டியல் முழுமையானது அல்ல, அதன் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யூதர்களே பழங்காலத்திலிருந்து வாதாடினார்கள். கெய்ரோவில் ஒரு பழைய ஜெப ஆலயத்தின் கிடங்கிலும் பின்பு கும்ரான் குகைகளிலும் கிடைத்த தமஸ்கு ஆவணம் என்ற பழைய யூத எழுத்து இதைத் தெளிவாகச் சொல்கிறது. தாயின் சகோதரியைச் சேராதே என்ற சட்டம் ஆண்களை நோக்கி எழுதப்பட்டது, அது பெண்களுக்கும் அப்படியே பொருந்தும், ஆகவே சகோதரன் மகளையோ சகோதரி மகளையோ கட்டுவதும் தவறு என்கிறது. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதோ இதற்கு நேர் எதிராக, சகோதரி மகளைக் கட்டுகிறவனைப் பாராட்டுகிறது. ஒரே சட்டத்தை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே இனத்தார் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கம் நின்றார்கள். ஆக, "வேதத்தில் தெளிவாக இருக்கிறது" என்று உங்கள் அப்பாவும் சொல்ல முடியாது, அந்த அக்காவும் சொல்ல முடியாது.

சபைகளும் ஒரே மாதிரி போகவில்லை. 1563-இல் இங்கிலாந்துப் பேராயர் மேத்யூ பார்க்கர் போட்ட பட்டியல் சகோதரன் மகளையும் சகோதரி மகளையும் தடுத்தது, மாமன் மகளைத் தடுக்கவில்லை. அந்தப் பட்டியலைச் சேர்த்து அச்சிட்ட ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம்தான் மிஷனரிகளோடு உங்கள் பக்கத்துக்கும் வந்தது. கத்தோலிக்கச் சபையின் 1983 சட்டத்தொகுப்பில் மாமன் மகளே தடைக்குள் வருகிறாள், அக்கா மகள் இன்னும் நெருங்கிய தடை, இரண்டுக்கும் முறையான விலக்கு வாங்க வேண்டும். நாட்டுச் சட்டத்தைப் பார்த்தால், 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் தனியாக உறவுப் பட்டியல் போடவில்லை, அவரவர் தனிச் சட்டம் தடுக்கும் திருமணத்தை இது செல்லுபடியாக்காது என்று 88-ஆம் பிரிவில் சொல்லி நிறுத்திவிடுகிறது. ஆகவே உங்கள் சபையின் விதி என்ன என்பதை யாரும் வாய்வார்த்தையாகச் சொல்லக் கேட்காமல், சபைச் சட்டப்புத்தகத்தைக் காட்டச் சொல்லி நேரில் பார்த்துவிடுங்கள். சபை அனுமதிக்கவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், நான் தாய்மாமன் திருமணத்தை நடத்தி வைப்பதில்லை. அத்தையை மருமகன் கட்டக்கூடாது என்றால் அதே தூரத்தில் இருக்கும் மருமகளை மாமன் கட்டுவது எப்படிச் சரியாகும் என்ற தமஸ்கு ஆவணத்தின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏற்கெனவே அப்படிக் கட்டி நல்லபடியாக வாழ்கிறவர்களைப் பாவிகள் என்று நான் சொல்லவும் மாட்டேன், நேரடித் தடை இல்லாத இடத்தில் அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உடல் சார்ந்த விஷயமும் இருக்கிறது. மாமனும் மருமகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள், மாமன் மகன், அத்தை மகள் பகிர்வதைப்போல் இது இரண்டு மடங்கு. இரண்டு பேரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்பட வாய்ப்பு கூடுகிறது. பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும் குறை வரும் என்று பயமுறுத்துவது பொய், ஒன்றும் ஆகாது என்பதும் பொய். குடும்பத்தில் காது கேளாமை, இளவயதில் பார்வைக் குறைவு, காரணம் தெரியாமல் குழந்தை இறந்தது போன்றவை இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்க்காமல் பேச்சையே எடுக்கக்கூடாது.

இப்போது நீங்கள் தயங்கி எழுதிய அந்த வரி. உறவுக்குள் கல்யாணம் என்று பேசுகிறவர்கள் காட்டுகிற அதே வேதப்பகுதிகளில் பெண்ணின் சம்மதம் இருக்கிறது, அதை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. ரெபெக்காளின் அண்ணனும் தாயும், பெண்ணைக் கூப்பிட்டு அவளையே கேட்போம் என்கிறார்கள், "இந்த மனிதனோடு போகிறாயா?" என்று கேட்கிறார்கள், போகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் அனுப்புகிறார்கள் (ஆதியாகமம் 24:57, 58). செலொப்பியாத்தின் மகள்கள் விஷயம் முழுக்க நிலத்தைப் பற்றியது, உங்கள் பாட்டி சொல்கிற அதே சொத்துக் கவலைதான். அங்கேகூட, அவர்கள் தங்கள் மனதுக்குப் பிடித்தவர்களைக் கட்டலாம், தங்கள் தகப்பனின் கோத்திரத்துக்குள் இருந்தால் போதும் என்றுதான் தீர்ப்பு வந்தது (எண்ணாகமம் 36:6). குறிப்பிட்ட ஒருவனைக் காட்டி இவனைக் கட்டு என்று சொல்லவில்லை. நிலத்துக்காக எழுதப்பட்ட சட்டமே பெண்ணின் விருப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

உங்களுக்கு மனம் வரவில்லை என்பது போதுமான காரணம். பாவமா இல்லையா என்று நிரூபித்த பிறகுதான் மறுக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு லேவியராகமத்தில் துணை தேட வேண்டாம். தூக்கி வளர்த்தவரைக் கணவராக நினைக்க முடியாமல் இருப்பது கீழ்ப்படியாமை அல்ல. ஒருவேளை உங்கள் மாமாவுக்கும் அப்படியே இருக்கலாம், அவரிடம் யாராவது கேட்டார்களா?

அம்மாவிடம் முதலில் பேசுங்கள், பாட்டி இல்லாத நேரமாகப் பார்த்து. வசன விவாதத்தில் இறங்காமல், "எனக்கு அவர் மாமாவாகவே இருக்கட்டும், அதற்கு மேல் முடியாது" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தம்பிக்கும் மகளுக்கும் நடுவில் நிற்பது அவர்கள்தான், கொஞ்சம் அழுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் அம்மா வழியாகவோ, அவர் மதிக்கிற ஒரு பெரியவர் வழியாகவோ போகட்டும். சொத்துப் பிரச்சினை தனியாக இருந்தால் அதை ஒரு வழக்கறிஞரை வைத்துப் பத்திரத்தில் தீர்க்கலாம், அதற்கு ஒரு கல்யாணம் தேவையில்லை. இவ்வளவுக்கும் பிறகு யாரும் கேட்கவில்லை என்றால் உங்கள் போதகரிடம் போங்கள். இரண்டு பேரும் மனதாரச் சம்மதிக்காத திருமணத்தை நடத்த அவருக்கு உரிமை இல்லை, ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்னாலேயே இதை அவர் காதில் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு நிறுத்துவது எல்லோருக்கும் கஷ்டம். போதகரிடம் தனியாகப் போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் அவர் பெயரை எனக்கு எழுதுங்கள், உங்கள் பெயரைச் சொல்லாமல் நான் முதலில் பேசிப் பார்க்கிறேன்.